ரெக்கார்டிங் அறைக்கு வாட்டர் கூலரா, ஏர் கூலரா?

கேள்வி: மதுரையில் வீட்டிலேயே ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் பதிவு செய்கிறேன். கம்ப்யூட்டரில் ரைசன் 7 7700 ப்ராசஸர், அதோடு பெட்டியில் வந்த கூலர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் 'வ்ர்ர்' என்று ஏறி இறங்குகிறது, மைக்கிலும் விழுகிறது. 240 லிக்விட் கூலர் போட்டால் சத்தமே இருக்காது என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வேலைக்கு அது பொருந்தாது.

தண்ணீர் சூட்டை விழுங்கிவிடுவதில்லை. ப்ராசஸரின் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடுகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து சூட்டை வெளியே தள்ள அங்கேயும் ஃபேன்தான் ஓட வேண்டும். 240 என்றால் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு. ஏர் கூலரில் (கோடையில் தண்ணீர் ஊற்றி வைப்போமே, அந்தப் பெட்டி இல்லை) இதே வேலையைச் செம்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் செய்கின்றன. லிக்விட் கூலரில் கூடுதலாக இருப்பது ஒரு பம்ப்.

உங்களுக்கு இடைஞ்சல் அந்தப் பம்ப்தான். ஃபேனைத் தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம், பம்ப்பை நிறுத்தக் கூடாது. நீங்கள் வாசிக்கும் நேரத்தில் ப்ராசஸருக்குப் பெரிய வேலை எதுவும் இருக்காது. அப்போது ஒரு பெரிய ஏர் கூலரின் ஃபேன் நிமிடத்துக்கு 500 சுற்றில், ஓடுவதே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். பம்ப் அப்போதும் மெல்லிய ரீங்காரத்தோடு இருக்கும். காற்றோசை காதுக்குப் பழகிவிடும். ஒரே சுருதியில் நிற்கிற ஓசைதான் ஹெட்ஃபோனில் உறுத்தும்.

என் முதல் லிக்விட் கூலரில் நானே ஒரு தப்பு செய்தேன். ரேடியேட்டரைக் கேபினட்டின் அடியில் மாட்டிவிட்டேன். தண்ணீர் ஓடும் சுற்றில் மிக உயரத்தில் பம்ப் இருந்ததால் காற்றுக் குமிழியெல்லாம் அதில் போய் நின்றது. இரவானால் குடத்தைத் தண்ணீரில் முக்கும்போது வருமே, அந்தக் 'களக் களக்'. ரேடியேட்டரை மேலே மாற்றிய பிறகுதான் தூக்கம் வந்தது.

சரி, அப்படியானால் எதற்குப் பெரிய கூலர்? ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். அமைதிக்கான வழி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது: தகடு நிறைய, ஃபேன் பெரிது, சுற்று குறைவு. உங்கள் ப்ராசஸர் தொழிற்சாலை அமைப்பில் 88 வாட்டைத் தாண்டாது. 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு வைத்த இரட்டைக் கோபுரக் கூலர் (தகடுகள் இரண்டு கோபுரமாக நிற்கும் ஏர் கூலர்) அதற்குத் தாராளம். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாதிரி ஒன்று போதும். நாக்டுவா என்எச்-டி15 அருமையான பொருள்தான், ஆனால் 88 வாட்டுக்கு அது சோளப்பொரிக்கு யானை கட்டுவது மாதிரி.

காசைச் செலவழிக்கும் முன் பயாஸைத் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) திறந்து பாருங்கள். ஏறி இறங்குகிற அந்த 'வ்ர்ர்' கூலரின் குற்றம் மட்டும் இல்லை. ரைசன் 7000 வரிசையில் சின்ன வேலைக்கே வெப்பநிலை சட்டென்று 10, 15 டிகிரி குதித்து உடனே இறங்கிவிடும். ஃபேன் ஒவ்வொரு குதிப்புக்கும் பின்னாலேயே ஓடுகிறது. ஃபேன் கர்வில் (எந்த வெப்பநிலைக்கு எந்த வேகம் என்று காட்டும் கோடு) 70 டிகிரி வரை ஒரே குறைந்த வேகத்தில் நேர்கோடாக வையுங்கள். வேகம் ஏறுவதற்குச் சில விநாடி தாமதமும் கொடுங்கள். இந்த ப்ராசஸரின் எல்லை 95 டிகிரி, அதனால் 70க்குப் பயப்பட வேண்டாம். மே மாதத்தில், பதிவுக்காக மின்விசிறியையும் நிறுத்திய அறையில், எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அப்போது பயாஸில் பிபிடி எல்லையை (ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பு) 65 வாட் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். குரல் எடிட்டிங்கில் வித்தியாசம் தெரியாது.

லிக்விட் கூலருக்கும் இடம் உண்டு. 253 வாட் வரை போகும் கோர் ஐ9-14900கே, 230 வாட் ரைசன் 9 7950எக்ஸ் போன்றவற்றை வைத்து மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர் 360 (120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று) வாங்கலாம். தண்ணீர் மெதுவாகச் சூடேறுவதால் ஃபேனும் நிதானமாகவே ஏறும். உயரமான கூலருக்கு இடமில்லாத குட்டிக் கேபினட்டுக்கும் அதுதான் வழி. ஆனால் சில வருடங்களில் பம்ப் தேய்ந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். ஏர் கூலரில் கெடுவது ஃபேன் மட்டும்தான், தனியாக வாங்கி மாட்டலாம்.

வாங்குவதாக இருந்தால் கேபினட்டில் கூலருக்கு எத்தனை மில்லிமீட்டர் உயரம் இடமிருக்கிறது என்று பாருங்கள். இரட்டைக் கோபுரங்கள் பெரும்பாலும் 155 முதல் 165 வரை வரும். உங்கள் ப்ராசஸர் உட்காரும் ஏஎம்5 மதர்போர்டுக்கான மாட்டும் பாகங்கள் பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். ஃபேன் கன்ட்ரோல் என்று விண்டோஸுக்கு இலவச மென்பொருள் இருக்கிறது. வேறு எதுவும் திறக்காமல், அதை வைத்து ஒவ்வொரு ஃபேனையும் பத்து விநாடி நிறுத்தி, மைக்கில் பதிவு செய்து கேளுங்கள். ப்ராசஸர் ஃபேன் நின்றும் இரைச்சல் அப்படியே இருந்தால் கூலரை மாற்றிப் பயனில்லை. கேபினட் ஃபேனோ பழைய ஹார்ட் டிஸ்க்கோ காரணமாக இருக்கும். அப்போது 5 மீட்டர் யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரை மைக்கின் முதுகுப் பக்கம் தள்ளி வைத்து மறுபடி கேட்டுப் பாருங்கள்.