சாமி பேச்சு எப்போது துன்புறுத்தலாகிறது? பள்ளி, கல்லூரி குறித்த கேள்வி பதில்

மதுரை வட்டாரப் பெற்றோரும் மாணவரும் ஆசிரியரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே மதத்தை வைத்து வரும் உரசல் எந்த இடத்தில் வரம்பு மீறுகிறது, மீறினால் என்ன செய்வது என்பதுதான் எல்லோர் கவலையும். பதில் சொல்பவர் கல்வி வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்.

கேள்வி (மேலூர், 7ஆம் வகுப்பு மாணவியின் அம்மா): சார், அறிவியல் வாத்தியார் வகுப்புல எங்க குலசாமிக்குக் கிடா வெட்டுறதைப் பத்திக் கேலியாப் பேசினாராம். பிள்ளை அழுதுட்டு வந்தா. புகார் கொடுக்கலாமா?

பதில்: அவர் பேசியது நாகரிகமில்லைதான் அம்மா. ஆனால் ஒரு வழிபாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வது வேறு, உங்கள் மகளைக் குறிவைப்பது வேறு. "நீ கிடா வெட்டுற கூட்டம்தானே, எந்திரி" என்று அவளை நிற்க வைத்திருந்தால் கதையே மாறும். பேச்சு சாமியைப் பற்றியா, பிள்ளையைப் பற்றியா என்பதை முதலில் பாருங்கள். அது திரும்பத் திரும்ப வருகிறதா, வேண்டாம் என்று சொன்ன பிறகும் நிற்கவில்லையா என்பதையும் பாருங்கள். எல்லாவற்றையும்விட, வாத்தியார் கையில் இருக்கும் அதிகாரம் அதில் கலந்ததா என்பதுதான் முக்கியம். மார்க், செய்முறைத் தேர்வு, உட்காரும் இடம், வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, நோட்டைத் திருத்தாமல் தள்ளிவைப்பது எல்லாமே அதிகாரம்தான். அது கலந்துவிட்டால் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வரும். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் அது தடை செய்கிறது. மீறும் ஆசிரியர்மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம்.

சில செயல்களுக்கு ஒரு தடவையே போதும். நெற்றித் திருநீறைத் தன் கையால் துடைத்துவிடுவது, தலைத்துணியை இழுப்பது, கழுத்துச் சிலுவையைப் பிடுங்குவது இதெல்லாம் அந்த வகை. உங்கள் மகள் விஷயம் இப்போதைக்கு அந்த அளவில் இல்லை. ஹெச்.எம்.மைப் பார்த்துச் சொல்லுங்கள், சொன்ன தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். மறுபடி நடந்தால் அந்தக் குறிப்புதான் முதல் ஆதாரம்.

கேள்வி (திருமங்கலம், ஒரு தந்தை): வாயால் இரண்டு தடவை சொல்லியாச்சு அண்ணே, ஒன்றும் நடக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் எப்படி எழுதணும்?

பதில்: பாதிப் புகார்கள் தோற்பது இங்கேதான். "எங்கள் மத உணர்வைத் தொடர்ந்து புண்படுத்தி வருகிறார்" என்று எழுதினால், "அந்த எண்ணத்தில் சொல்லவில்லை" என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுப்பார், கோப்பு மூடிவிடும். எண்ணத்தை விட்டுவிட்டு நடந்ததை எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"12.11.2025, புதன், 4ஆம் பாடவேளை, 8 'பி' வகுப்பு. ஆசிரியர் என் மகனைப் பார்த்து, 'உங்க ஆளுகளுக்கெல்லாம் கணக்கு எங்கே வரும்' என்றார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். கழற்றிய பிறகும் சுமார் 25 நிமிடம் கதவுக்கு வெளியே நிறுத்தினார். அதே பெஞ்சில் இருந்த இருவர் பார்த்தனர். மறுநாள் காலை 9.10 மணிக்கு வகுப்பாசிரியரிடம் தெரிவித்தேன்."

25 நிமிடம் வெளியே நின்றதற்கு எண்ணம் தேவையில்லை பாருங்கள். நடந்ததா இல்லையா, அவ்வளவுதான். ஆசிரியர் சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் போடுங்கள். நாகரிகமாக மாற்றி எழுதினால் அதன் கூர் போய்விடும். உங்கள் மகன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். பின்னால் அவர்கள் எடுத்துச் சொல்லும்போதுதான் அது உங்களைக் குத்தும்.

கோரிக்கை சின்னதாக இருக்கட்டும். இனி வெளியே நிறுத்தக் கூடாது, விசாரணை முடியும்வரை மகனின் விடைத்தாளை வேறு ஆசிரியர் திருத்த வேண்டும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டால் போதும். "வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று எழுதினால் மொத்த ஊழியர்களும் அவர் பக்கம் நின்றுவிடுவார்கள்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பிரதியோடு ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள். ஏழெட்டு நாளில் பதில் இல்லையா, தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், மேல்வகுப்பு என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் உண்டு. எல்லோருக்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மனு நாளிலும் கொடுக்கலாம், அங்கே தரும் மனு எண் முக்கியம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்த புகாரை 3 மாதத்தில் முடிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு.

ஒரு சிக்கல் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக அங்கே பிள்ளையை என்னவும் செய்யலாம் என்றில்லை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு எந்த நிர்வாகம் நடத்தும் பள்ளிக்கும் பொருந்தும். தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் தேவையில்லாத உடல், மன வேதனைக்கு ஆளாக்கினால் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, எந்நேரமும் எடுப்பார்கள். கல்வித் துறை உதவி எண் 14417.

கேள்வி (மதுரை, பிளஸ் 2 மாணவர்): எங்கள் பள்ளி கிறித்தவ நிர்வாகம். காலை ஜெபத்தில் வாயசைக்கவில்லை என்று தனியாகக் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். சிறுபான்மைப் பள்ளி என்றால் அது சரியா அண்ணே?

பதில்: இல்லை தம்பி. பள்ளி நடத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 30ஆம் கூறில் இருக்கிறது. ஆனால் 28(3) அரசு அங்கீகாரமோ நிதியோ பெற்ற எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானது. மாணவரின் சம்மதம் இல்லாமல், 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், வழிபாட்டிலோ மத போதனையிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. இது இந்து அறக்கட்டளைப் பள்ளிக்கும் முஸ்லிம் நிர்வாகப் பள்ளிக்கும் அதே அளவில்தான். அரசே முழுச் செலவில் நடத்தும் பள்ளியில் மத போதனையே கூடாது என்கிறது 28(1).

சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார். பள்ளி வழிபாட்டுக்குச் சம்மதம் என்று அப்பா கையெழுத்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால், இனி சம்மதமில்லை என்று அவரே ஒரு கடிதம் கொடுக்கட்டும். அமைதியாக வரிசையில் நிற்பது உன் கடமை, பாடுவது இல்லை. கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், மத நம்பிக்கையால் பாடவில்லை. 1985இல் பள்ளி நீக்கியது. நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அப்படி என்றால் ஜெபத்துக்கு என்ன?

நீதிபோதனை வகுப்பு வேறு. எல்லா மதங்களைப் பற்றியும் பாடமாகச் சொல்லித் தருவது தடையில்லை என்று 2002இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு வரமாட்டேன் என்று நிற்காதே.

கேள்வி (சோழவந்தான், ஒரு தாத்தா): பேரன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கான். கருப்புச் சட்டையில போகக் கூடாதுன்னு கேட்டிலேயே நிப்பாட்டுறாங்க. கையில கட்டுன கயித்தையும் கத்தரிச்சு விட்டாங்க.

பதில்: இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது ஐயா. சீருடை விதி பள்ளியின் உரிமை, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்தால் துன்புறுத்தல் என்று சொல்வது கடினம். கார்த்திகை பிறக்கும் முன்பே, மண்டல விரதம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கருப்பு உடை, செருப்பில்லாமல் வருவது என்று குறிப்பிட்டு அனுமதிக் கடிதம் கொடுத்தால் பெரும்பாலான பள்ளிகள் விட்டுவிடுகின்றன. கேட்டில் நின்று வாதாடினால் விடுவதில்லை.

கயிறு நம் தென்மாவட்டங்களில் வெறும் சாமிக் கயிறு இல்லை. நிறத்தை வைத்துச் சாதி பிரிக்கிறார்கள். 2023இல் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிக் குறி மூன்றையும் தடை செய்யச் சொன்னது அதனால்தான். நெற்றிக் குறியையும் சேர்த்தது எனக்கு உடன்பாடில்லை, அது தனி விவாதம். பள்ளி கயிற்றைக் கழற்றச் சொல்லலாம். கத்தரியோடு பிள்ளையின் கையைப் பிடித்தது தவறு. ஒரு தரப்புக் கயிற்றை மட்டும் வெட்டி மற்றதை விட்டிருந்தால் அது பாகுபாடு, புகாரில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

ஹிஜாப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கர்நாடக வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். ஆகவே அதைக் காட்டி "உச்ச நீதிமன்றமே தடை செய்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி (உசிலம்பட்டி பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியை): பாடப் புத்தகத்தில் உள்ளதைத்தான் நடத்தினேன். மதம் மாற்றுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். பையன்கள் நான் உள்ளே வரும்போதே கோஷம் போடுகிறார்கள். இது துன்புறுத்தல் இல்லையா?

பதில்: சந்தேகமே வேண்டாம் டீச்சர், துன்புறுத்தல்தான். ஆசிரியருக்கு நடப்பதை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அன்றைய பாடக்குறிப்பேட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டித் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பக்கம் நடத்தினீர்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்கம் எழுதி, கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். மன்னிப்பு வீடியோ மட்டும் எடுக்காதீர்கள். சமாதானத்துக்கு என்று கெஞ்சுவார்கள், நாளைக்கு அதையே ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டுவார்கள். மெமோ வந்தால் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17(ஏ)வா 17(பி)யா என்று பாருங்கள். முன்னது சிறு தண்டனைக்கு, பின்னது பெருந்தண்டனைக்கு. இரண்டிலும், உங்கள்மேல் வந்த புகாரின் நகலையும் சாட்சி வாக்குமூலத்தையும் எழுதிக் கேளுங்கள். நகல் வராமல் விளக்கம் எழுதுவதுதான் பலர் செய்யும் தவறு.

மதமாற்றம் என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள். தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் ரத்தாகிவிட்டது. வெளியாட்கள் வகுப்புக்குள் வந்து மிரட்டினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 351ஆம் பிரிவு. பணியைத் தடுக்கக் கைவைத்தால் 132. வதந்திக்கு, அனுப்பியவர் எண், நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டோடு சைபர் கிரைம் காவல் நிலையம்.

பையன்கள்மேல் போலீசுக்குப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, கோஷம் போட்டவர்களின் பெற்றோரை ஒவ்வொருவராக, தனித்தனி நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள். கும்பலாக அழைத்தால் கும்பலாகவே பேசுவார்கள்.

கேள்வி (மதுரை, முதுகலை மாணவி): பேராசிரியர் என் மதத்தைச் சொல்லியே பேசுகிறார். இன்டர்னல் மார்க்கிலும் கைவைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

பதில்: நினைப்பதைக் காகிதமாக்குங்கள். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி என்றால், உங்கள் விடைத்தாள், அசைன்மென்ட், செமினார் மார்க் பிரித்த பட்டியல் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க், செமினாரில் மட்டும் அடிமட்டம் என்றால் அந்த இடைவெளியைச் சுட்டுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அந்த 15 நாளைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். குழுவில் அந்தப் பேராசிரியரோ அவருடைய துறைத் தலைவரோ இருந்தால், விலகச் சொல்லி முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: போனில் ரெக்கார்ட் பண்ணலாமா? ஃபேஸ்புக்கில் போடலாமா?

பதில்: பள்ளிக்குப் போன் கொண்டுபோனதற்கே பிள்ளைமேல் நடவடிக்கை வரும், அந்த வேலை வேண்டாம். ஏற்கெனவே பதிவு இருந்தால் வெட்டாமல், அதே போனில் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். ஃபேஸ்புக் கூடவே கூடாது. விசாரணையில் இருக்கும் குழந்தையின் பெயர், பள்ளி வெளியே தெரியும்படி போட்டால் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் பெற்ற அப்பாவே மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி (வாடிப்பட்டி): ஒரு அமைப்பு வந்து, நாங்க போராட்டம் பண்றோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கன்னு சொல்றாங்க.

பதில்: போடாதீர்கள். அவர்கள் பேனர் கட்டிய அன்றே உங்கள் பிள்ளைக்கு நடந்தது மறந்துபோய், ஊர் இரண்டாகிவிடும். இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100.

கேள்வி: புகார் கொடுத்ததால் டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள்.

பதில்: கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும் பள்ளியில் 8ஆம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது, 16ஆம் பிரிவு. நீங்களாக விருப்பப்பட்டுக் கேட்டதாக ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். அந்தத் தாளை மட்டும் தொடாதீர்கள். டி.சி. வாங்கச் சொன்ன தேதியையும் சொன்னவர் பெயரையும் எழுதி, முதல் புகாரின் நகலோடு சேர்த்து அன்றைக்கே மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.