சும்மா நிற்கிற குதிரை

கேள்வி: என் மகள் சனிக்கிழமைதோறும் நேட்டால் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்குப் போகிறாள். சவாரி கிடையாது. குதிரை பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறாள், அதற்குக் காசு வேறு. மனசு அமைதியாகிறது, இந்த நிமிஷத்தில் இருக்கப் பழகுகிறேன் என்கிறாள். சும்மா நிற்கிற குதிரையிடம் மனுஷன் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது ஐயா?

– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் 'சும்மா' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை விட்டு நகர மனம் வரவில்லை. குதிரைக்கு அப்புறம் வருகிறேன்.

என் பேரனுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் முப்பது சொல் இருக்கும். அதில் சும்மா ஒன்று. எங்கே போனாய் என்றால் சும்மா. தங்கையை ஏன் அடித்தாய் என்றால் சும்மா. காசு வாங்காமல் கொடுத்தால் சும்மா, காரணம் இல்லாமல் சிரித்தால் சும்மா, வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்தாலும் சும்மா. அதே சொல் தாயுமானவர் கைக்குப் போனதும் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. மத யானையை நடத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கும் திறம்தான் அரிது என்று பாடினார். ஊரில் பிள்ளையைத் திட்டுகிற சொல்லும் இதுதான், ஞானிகள் ஏங்கிய சொல்லும் இதுதான். இந்தச் சொல்லையாவது நம் பேரப்பிள்ளைகள் விடாமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, குதிரை. அது சும்மா நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது மட்டும் சரியில்லை. குதிரை ஒருபோதும் சும்மா நிற்பதில்லை. சிங்கத்துக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்து பிழைத்து வந்த இனம் அது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னே கொஞ்சம், அவ்வளவுதான் தெரியாத இடம். காதுகள் தனித்தனியே திரும்பும். ஒன்று உங்கள் பக்கம் இருக்கும்போது இன்னொன்று வேலிக்கு அப்பால் போகும் வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கும். பின்னங்கால் மூட்டைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே கண்ணயரும் அமைப்பு அதன் உடம்பில் இருக்கிறது. ஆபத்து வந்தால் எழுந்திருக்கும் நேரம்கூட வீணாகக் கூடாது. ஆழ்ந்து தூங்க மட்டும் படுத்தாக வேண்டும். அதற்குச் சுற்றுமுற்றும் பயமில்லை என்று அதற்குத் தோன்ற வேண்டும்.

அப்படியென்றால் உங்கள் மகள் கண்ட அமைதி யாருடையது? இதைப் பெரும்பாலும் தலைகீழாகச் சொல்கிறார்கள். குதிரை அமைதியானது, அதன் அருகில் நின்றால் அது நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். என் அனுபவம் வேறு. அருகில் வருகிறவனிடம் அமைதி இருக்கிறதா என்று குதிரை பார்க்கிறது. இருந்தால்தான் தன் தலையைத் தாழ்த்துகிறது.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. அதை வளர்த்த வான் ஆஸ்டன் ஒரு கணக்கு வாத்தியார். கூட்டல், கழித்தல் என்று எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். 1904-ல் ஒரு குழு வந்து பார்த்தது, ஏமாற்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாதபோதும் விடை தப்பியது. தட்டல் சரியான எண்ணுக்கு வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை அளவு நிமிர்கிறது, ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது என்று 1907-ல் எழுதினார். தலை நிமிர்ந்தது நிமிர்ந்தவருக்கே தெரியாது. விஷயம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டாலேயே தன் தலையை அடக்க முடியவில்லை. வாத்தியார் கடைசிவரை இதை ஏற்கவில்லை.

ஹான்ஸின் குட்டு வெளிப்பட்டது என்றுதான் இந்தக் கதையை முடிப்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. எதிரே நிற்பவன் தன் உடம்பைப் பற்றித் தானே அறியாததை ஒரு குதிரை அறிந்திருந்தது. இதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் எது? வீட்டில் என்ன சண்டை, எந்தக் கடன், யார் மேல் கோபம், எதையும் நாம் சொல்ல வேண்டாம். தோளிலும் மூச்சிலும் குதிரை வாசித்துவிடும்.

டர்பன் கிளேர்வுட்டில் குதிரைப் பந்தயத் திடல் இருந்த காலம். இன்று அங்கே கிடங்குகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் ஒரு லாயத்தில் என் மாமா குதிரைக்காரராக இருந்தார். எனக்குப் பத்து வயது. அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு லாயத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்தேன். செம்பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை ஒன்று, மாமா அதைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார், இரண்டு காதையும் பின்னால் மடித்துச் சுவரோடு ஒதுங்கியது. மாமா என்னைத் திட்டவில்லை. "வெளியே போய் மூச்சு விட்டுட்டு வாடா" என்றார். போனேன். கை நடுக்கம் நிற்கும்வரை வாசலில் நின்று திரும்பி வந்தேன். மாமா என் கையை விரித்து அதன் கழுத்தில் வைத்தார். தட்டாதே, தடவாதே, வச்சுக்கோ என்றார். உள்ளங்கைக்கு அடியில் தோல் ஒருமுறை சிலிர்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அது பெருமூச்சு விட்டு, வாயை மென்று, ஒரு பின்னங்காலைத் தளர்த்தியது. பிற்காலத்தில் திருமூலர் மூச்சையே குதிரையாக்கிப் பாடியதைப் படித்தேன். மெய்யானவனுக்குப் பிடி கொடுக்கும், பொய்யனைத் துள்ளித் தள்ளிவிடும் என்கிறார். அந்த லாயத்து வாசனையே வந்தது எனக்கு.

ஆனால் நம் தாத்தாமார் குதிரையை அமைதியோடு சேர்த்துப் பேசிக் கேட்டதில்லை. 1860-லிருந்து இந்தியாவிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்குக் குதிரை என்றால் அதன் முதுகில் உட்கார்ந்திருந்த ஓவர்சீர். 1913-ல் இந்தியத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தில் அது குதிரைப் போலீஸ். குளம்புச் சத்தம் கேட்டால் குலை நடுங்கிய தலைமுறை அது. அந்தக் குதிரைக்கும் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது எனக்கு வயதான பிறகுதான் உறைத்தது.

ஆங்கிலேயரும் டச்சு வழிவந்த வெள்ளையரும் இங்கே மோதிய போயர் போரில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. குண்டு பட்டுச் செத்தவை கொஞ்சம்தான். கடல் கடந்து வந்து இறங்கிய கையோடு, இளைப்பாற விடாமல், பாரம் ஏற்றி, பாதித் தீனியில் ஓட்டியதிலும் நோயிலும் செத்தவையே அதிகம். போர்ட் எலிசபெத் என்று நாம் பழகிய ஊரில் 1905-ல் அவற்றுக்காக ஒரு நினைவுச் சிலை வைத்தார்கள். அதில் சிப்பாய் குதிரை மேல் இல்லை. அதன் முன்னால் மண்டியிட்டு ஒரு வாளித் தண்ணீரை நீட்டுகிறான். ஜொகானஸ்பர்க் அப்சர்வேட்டரி மேட்டிலும் ஒரு நினைவுத் தூண் உண்டு. இந்தியப் படையோடு வந்து அந்தப் போரில் இறந்தவர்களுக்கானது. அதிகாரிகளோடு கால்நடை வைத்திய உதவியாளர்களையும் லாடம் கட்டுகிறவர்களையும் அதில் பொறித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.

இதோடு பட்டாசையும் சொல்லிவிடுகிறேன். நான் பட்டாசைத் தொட்டால், நம் பண்டிகையை நீங்களே குறை சொல்லலாமா என்று கடிதங்கள் குவியும். குவியட்டும். அவ்வளவு கூர்மையான காது உள்ள விலங்கு தீபாவளி இரவில் எங்கே ஓடும்? வேலிக் கம்பியில் போய் விழுகிறது. விளக்கு வைப்போம், முறுக்கு சுடுவோம், புதுத்துணி கட்டுவோம், கோயிலுக்குப் போவோம். வெடியை விட்டால் தீபாவளியில் ஒன்றும் குறையாது.

உங்கள் மகள் தாராளமாகப் போகட்டும் அம்மா. நான் சொன்னதாக ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: சாணி அள்ளவும் தண்ணீர் தூக்கவும் அவளை விடுவார்களா என்று. அப்போதுதான் குதிரை அவளைத் தினசரி வேலையில் பார்க்கும். கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் மத்தியானம் மாமாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து கடிவாள வாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வைக்கோலில் கண்ணு படுத்துக் கிடந்தது, நான்கு காலையும் நீட்டி, முழுதாக. கீழுதடு லேசாகத் துடித்தது. நான் வாயைத் திறக்குமுன் மாமா விரலை உதட்டில் வைத்தார். சோற்றைத் தரையில் வைத்துவிட்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா.