கர்ப்பமாக இருக்கும்போதும் குழந்தை பிறந்த பிறகும் முகத்துக்கு எதைப் போடலாம், எதை நிறுத்த வேண்டும்?

மூன்று மாத கர்ப்பம், முகம் முழுக்கப் பரு, கன்னத்தில் மங்கு விழ ஆரம்பித்திருக்கிறது, இவ்வளவு நாளாகப் போட்டுவந்த நைட் க்ரீமைத் தொடரலாமா, குழந்தை பிறந்ததும் திரும்பப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு முகத்தைப் பற்றியா கவலைப்படுவது என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். அதனால் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். தாராளமாகக் கேளுங்கள். பூசுவதில் கொஞ்சம் உடம்புக்குள்ளும் போகத்தான் செய்கிறது.

நான் டாக்டர் இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. இரண்டு முறையும் தோல் டாக்டரிடமும் மகப்பேறு டாக்டரிடமும் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். "மருத்துவம் படிக்காதவள் மருந்துப் பெயர் சொல்லலாமா" என்று வரப்போகிறவர்களுக்கு ஒன்று: பெயர் தெரிந்தால்தானே கேள்வி கேட்டவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய் டாக்டரிடம் கேட்க முடியும்?

முதலில் அந்த நைட் க்ரீம். பின்பக்கத்தில் ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், ட்ரெட்டினாயின், அடாபலீன், டாசரோட்டீன் என்று ஏதாவது இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். எல்லாம் வைட்டமின் ஏ குடும்பம். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, கருவிலிருக்கும் குழந்தையின் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றை மோசமாகப் பாதிக்கும் என்பது உறுதியான விஷயம். மாத்திரையை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் போன பிறகுதான் கருத்தரிக்க வேண்டும் என்பார்கள். க்ரீமிலிருந்து உடம்புக்குள் போவது மிகமிகக் குறைவு. ஆகவே, கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் போட்டுவிட்டோமே என்று ராத்திரியெல்லாம் அழாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், நிறுத்துங்கள், போதும்.

பருவுக்கு வழி இருக்கிறது. அசலெய்க் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, டாக்டர் எழுதித் தந்தால் கிளிண்டாமைசின் ஜெல், இவை மூன்றையும் பொதுவாகக் கர்ப்பிணிகளுக்கு அனுமதிக்கிறார்கள். இரண்டு சதவீத சாலிசிலிக் அமிலம் இருக்கும் ஃபேஸ்வாஷைப் பற்றிப் பயமில்லை. ஆனால் அதையே அதிக அளவில் வைத்துத் தோலை உரித்தெடுக்கும் பீலிங் வேண்டாம். மீந்துபோன பழைய மாத்திரை எதையும் எடுத்துப் போடாதீர்கள். பருவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் வகை மாத்திரைகள் குழந்தையின் பற்களில் கறையை உண்டாக்கும்.

இப்போது மங்கு. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

முதல் பிள்ளையின்போது எனக்கு இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் நன்றாக மங்கு படர்ந்துவிட்டது. பார்க்க வந்த சித்தி, "இப்படிக் கறுத்துப் போயிட்டியேடி" என்றபடி பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். அவள் மகளுக்கு ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டதாம், வெறும் மூலிகைதானாம். சித்தி என் மேல் உயிரையே வைத்திருப்பவள், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். உட்பொருள் பட்டியல் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. அடியில் பொடி எழுத்தில் இரண்டே வரி. இரவில் மட்டும் பூசவும். நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும். போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. இரண்டாவது வரி எனக்கு உறுத்தியது. மோதிரத்தில் படக் கூடாத ஒன்றை முகத்தில் ஏன் தேய்க்க வேண்டும்?

அடுத்த முறை போகும்போது டப்பாவைத் தோல் டாக்டரிடம் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் வெளுப்பு க்ரீமில் நகையைப் பற்றி எச்சரிக்கை இருந்தாலே பாதரசத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் சொன்னார். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு கலந்துவிடும், அதனால்தான் அந்த வரி. அது தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது, முகம் வெளுக்கிறது. கூடவே தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடமும் போகிறது. பிறந்த பிறகும் ஆபத்து இருக்கிறது: அம்மாவின் கன்னத்தைத் தொட்ட கையைத்தானே பிள்ளை வாயில் வைக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் சரும வெளுப்பு க்ரீம்களும் வருகின்றன. அப்படியும் பட்டியல் இல்லாத டப்பாக்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பட்டியல் இருந்து, அதில் கலோமெல் அல்லது மெர்குரஸ் குளோரைடு என்று கண்டால் அதுவும் பாதரசம்தான். இந்த மாதிரி டப்பாக்களில் வீரியமான ஸ்டீராய்டு கலப்பதும் உண்டு. அந்த ஒரு வாரப் பளிச்சுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சித்தியிடம் சொன்னேன். "நான் உனக்குக் கெடுதல் பண்ணுவேனா" என்று கண் கலங்கிவிட்டாள். கொஞ்ச காலம் பேச்சே இல்லை. பெரியவர் மனதை நோகடித்துவிட்டாய் என்று உறவில் பலர் என்னைத்தான் திட்டினார்கள். இங்கேயும் சிலர் அப்படிச் சொல்லக்கூடும். சொல்லட்டும். என் பிள்ளை விஷயத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை, இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

மங்குக்கு ஹைட்ரோகுவினோன் க்ரீமும் வேண்டாம். பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போகும் என்கிறார்கள், ஒரு க்ரீமுக்கு அது மிக அதிகம். மங்கு வருவது கர்ப்பகால ஹார்மோன்களால், அதை இன்னும் கறுக்க வைப்பது வெளிச்சம். அதனால் துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ள சன்ஸ்கிரீன், தொப்பி, நிழல். தோல் நிறச் சாயம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் இன்னும் நல்லது; அதிலிருக்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கும் இது உதவும். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானாகவே மங்கிவிடுகிறது. எனக்கு முழுவதும் போகவில்லை, நான் கவலைப்படவும் இல்லை.

இதற்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் நிறைமாதப் படம் எடுத்தோம். ஆல்பம் வந்தது. ஒவ்வொரு படத்திலும் என் முகத்தை வெளுப்பாக்கி, மங்கைத் துடைத்து, வயிற்று நடுக் கோட்டையும் அழித்திருந்தார் புகைப்படக்காரர். யார் கேட்டார்கள்? கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் செய்து தருவோம் மேடம்" என்கிறார். நான் என் பிள்ளையைச் சுமந்த முகம் அது. திருத்தாத படங்களைக் கேட்டு அலைந்து, கடைசிவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். வயிற்றுத் தோல் விரிந்து விழும் வரிகளைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட க்ரீம் எதுவும் இல்லை. வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர் அரிப்புக்கு இதமாக இருக்கும், அது போதும். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கடைசி மாதங்களில், தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், அதுவும் ராத்திரியில் கூடினால், க்ரீம் தேடாதீர்கள். கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக ஓடாததால் அப்படி வரலாம், குழந்தைக்கு ஆபத்தாகவும் முடியலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் பித்த அமில ரத்தப் பரிசோதனை கேளுங்கள். "வறட்சிதான், எண்ணெய் தேய்" என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு: பால் கொடுக்கும்வரை மார்பிலும் கழுத்திலும், பிள்ளையின் முகமும் வாயும் படுகிற எந்த இடத்திலும் மருந்து க்ரீம் வேண்டாம். முலைக்காம்பு வெடிப்புக்குச் சுத்திகரித்த லனோலின் போடலாம், பால் கொடுக்கும் முன் துடைக்க வேண்டியதில்லை. வேறு க்ரீமானால் டாக்டரைக் கேட்டு, துடைத்துவிட்டுக் கொடுங்கள். ரெட்டினாலை எப்போது திரும்ப ஆரம்பிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். பால் மறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என் டாக்டர் சொன்னார், நானும் அவசரப்படவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். அது ஹார்மோன் இறங்குவதால், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும். பயந்துபோய் முடி வளர்க்கும் மருந்தான மினாக்சிடில் வாங்கித் தேய்க்காதீர்கள்.

கர்ப்பத்தில் எது எவ்வளவு பாதுகாப்பு என்று, இணையத்தில் மருந்துகளை பி வகை, சி வகை என எழுத்து போட்டுக் காட்டும் பட்டியல்களை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். அந்த முறையைக் கொண்டுவந்த அமெரிக்காவே 2015-ல் அதைக் கைவிட்டு விரிவான விளக்கத்துக்கு மாறிவிட்டது. டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கும் 'இயற்கை', 'அம்மாக்களுக்குப் பாதுகாப்பானது' என்ற வார்த்தைகளும் அப்படித்தான்.

உங்கள் நைட் க்ரீமின் பெயரைக் கேள்வியில் சொல்லவில்லை. பின்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்துப் பதிலுக்குக் கீழே போடுங்கள், வைட்டமின் ஏ குடும்பம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதே படத்தை அடுத்த செக்கப்பில் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.