வாசகர் கேள்வி: பனிக்கரடிப் படம் போடலாமா?

கேள்வி: எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் பருவநிலை மாற்றம் குறித்துச் சுவரொட்டி தயாரிக்கிறது. எலும்பும் தோலுமான பனிக்கரடிப் படத்தைப் போட மாணவர்கள் விரும்புகிறார்கள். பலன் இருக்குமா?
– ஆசிரியை, தேனி

பதில்: பார்ப்பவர் மனம் கலங்கும். ஆனால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். பருவநிலைப் படங்களை ஆராயும் ஆய்வாளர் சாஃப்ரன் ஓ'நீல் குழுவினர் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் மக்களிடம் படங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள்; முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. பாதிப்பைக் காட்டும் படங்கள் 'இது பெரிய விஷயம்' என்று உணர்த்தின. கூடவே 'நம்மால் என்ன செய்ய முடியும்' என்ற சோர்வையும் தந்தன. சூரிய மின்தகடு போன்ற படங்கள்தான் 'நம்மாலும் முடியும்' என்ற எண்ணத்தைக் கொடுத்தன. அரசியல்வாதிகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கோ விஷயமே முக்கியமில்லாததாகத் தோன்றியது.

கரடிப் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2017-இல் பரவிய பட்டினிக் கரடி வீடியோவுக்கு, 'பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும்' என்ற பொருளில் வாசகம் போட்டது நேஷனல் ஜியாகிரஃபிக். அந்தக் கரடி ஏன் மெலிந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வாசகம் எல்லை மீறிவிட்டதென 2018-இல் அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. காட்சி உண்மை, வாசகம்தான் சறுக்கியது. எனவே எந்தப் படமானாலும் இடம், மாதம், ஆண்டு எழுதுங்கள். உறுதியாகத் தெரியாத காரணத்தைப் படத்தின் தலையில் கட்டாதீர்கள்.

சுவரொட்டியின் மேல்பாதியில் உங்கள் வட்டாரத்துப் பாதிப்பு ஒன்று போதும். வெயிலைக் காட்ட, குளத்தில் கும்மாளமிடும் பிள்ளைகளைப் போடாதீர்கள். 2019 வெப்ப அலையின்போது ஐரோப்பியப் பத்திரிகைகள் பலவும் அப்படிப் போட்டதால் ஆபத்து விடுமுறைக் கொண்டாட்டமாகத் தெரிந்தது. உச்சிவெயிலில் தலையில் துண்டோடு சித்தாள் வேலை செய்பவரைக் காட்டலாம், அவரிடம் அனுமதி கேட்டு. கீழ்ப்பாதியில் அதே அளவில் ஊரார் ஒருவர் வீட்டு மாடியின் சூரிய மின்தகடு. பக்கத்திலேயே '3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய்' என்ற தகவல். கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் மாடல்களின் படம் வேண்டாம். ஜோடனை என்று மக்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஏ4 நகலை மன்றத்துக்கு வெளியே பத்துப் பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசுபவரின் பதிலையே மற்றவர்களும் சொல்வார்கள். 'இது முக்கியமா?', 'உங்களால் ஏதாவது செய்ய முடியுமா, என்ன?' என இரண்டு கேள்விகள். இரண்டாவதற்குப் பலர் விழித்தால் கீழ்ப்பாதியை மாற்றுங்கள்.