பழைய எஸ்டீம் எஞ்சினைப் பிரித்துக் கட்ட ஒன்றரை லட்சம் போதுமா?

உங்கள் 2003 மாருதி எஸ்டீம் கார் நீலப் புகை விடுகிறது; அதாவது எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சினைப் பிரிக்கும்போதே கூடுதல் பவரும் வேண்டும். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இதே காரை இதே ஆசையோடு கட்டியவன் என்பதால் சொல்கிறேன்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நான் எஞ்சினைத் திறக்கும் முன்பே, பவர் கூட்ட கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) வாங்கினேன். அது எட்டு மாதம் அலமாரியில் கிடந்தது.

முதலில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை). ஏறாவிட்டால் வால்வையோ, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் மட்டும் புகைத்து அடங்கினால், பெரும்பாலும் வால்வு சீல்தான். அதற்காக எஞ்சினை இறக்கவே தேவையில்லை.

பிரித்தே ஆக வேண்டும் என்றால், பிரிப்பதற்கும் அளவெடுப்பதற்கும் மட்டும் தனியாகக் கூலி பேசுங்கள். ஒவ்வொரு போரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் குறுக்கும் நெடுக்கும் அளந்து தாளில் எழுதி வாங்குங்கள். உண்மையான பட்ஜெட் அந்தத் தாளில்தான் பிறக்கும். போர் போட (தேய்ந்த துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைய) வேண்டியிருந்தால் பிஸ்டன் செட்டை முதலில் வாங்கி லேத்தில் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் இடைவெளி வைத்துப் போர் போட வேண்டும்.

பெரிய போர் என்றால் பெரிய பவர் என்று பலர் நம்புகிறார்கள். இந்த எஞ்சினின் போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 75.5 மி.மீ.; கொள்ளளவு 1298 சி.சி. அரை மி.மீ. கூட்டினால் கிடைப்பது ஏறத்தாழ 18 சி.சி. மட்டுமே. அது தேய்மானத்தைச் சரிசெய்யும் வேலை, பவருக்கான வேலையல்ல. பவர் வேண்டுமானால் ஹெட்டில் காற்று போய்வரும் வழி, கேம், அதற்கேற்ற எரிபொருள் டியூனிங் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 45,000 ரூபாயைத் தொடாமல் வைப்பேன். நம் கரையில் அதற்குத் தனிக் காரணம் உண்டு. என் காரின் முந்தைய உரிமையாளர் ரேடியேட்டரில் வீட்டுக் கிணற்று உவர்நீரையே ஊற்றி வந்திருக்கிறார். அலுமினிய ஹெட்டின் நீர்வழிகள் அரித்து, சூடேறி, ஹெட் வளைந்திருந்தது. ஃபேசிங் செய்து (அடிப்பரப்பைச் சமமாகச் சீவி) தப்பிக்க முடியாமல் வேறு ஹெட் தேட வேண்டியதாயிற்று. என் கணக்கில் அது இல்லவே இல்லை. உப்புக்காற்றில் போல்ட்டுகளும் இறுகிப்போய் உடையும். அவற்றை எடுக்கவும் கூலி உண்டு. மீதிப் பணத்தில் போர், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), பேரிங், ஆயில் பம்ப், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் முடிந்து பணம் மிஞ்சினால் மட்டும் கேமைத் தொடுங்கள். கிளட்சும் பிரேக்கும் பழையதாக இருந்தால் அவை கேமுக்கு முன்னால் வரும்.

போர் போட்ட பிளாக்கை ஒரு இரவுகூடத் திறந்து வைக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் ஆயில் தடவி, பாலித்தீனில் சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விடியும்போது செந்துரு பூத்திருக்கும்.

காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் லேத்துகளில் விசைப்படகு எஞ்சின்கள் வரிசையில் நிற்கும். படகு கடலுக்குப் போகும் நாள் குறித்தாயிற்று, அவர்கள் அவசரம் நியாயமானது. நான் மே மாதத்தில் கிராங்கைக் கொடுத்துவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். நீங்கள் ஜூலையில் இறக்குங்கள். அதுவரை கம்ப்ரஷன் பார்த்து, நல்ல ஹெட் ஒன்று எங்கே கிடைக்கும் என்று மதுரையில் விசாரித்து வையுங்கள்.