கொட்டில் வீடாகுமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கும் நாங்கள், தோர்தோன் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய கல்வீட்டையும் அதை ஒட்டிய தானியக் கொட்டிலையும் வாங்க முன்ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நான்கு நாட்கள் ஆகின்றன. கொட்டிலை இரண்டு படுக்கையறைகளாக மாற்ற விரும்புகிறோம். "மேரியில் (ஊர் நகராட்சி அலுவலகத்தில்) ஒரு தாள் கொடுத்தால் போதும்" என்கிறார் தரகர். நம் மொழி பேசும் ஒருவர், பாதிப் பணத்தை முன்கூட்டியே ரொக்கமாகத் தந்தால், ரசீது இல்லாமல் குறைந்த செலவில் வேலையை முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். குடியிருப்பு வீட்டை வாங்கும் தனிநபர், கொம்ப்ரொமி எனப்படும் முன்ஒப்பந்தத்திலிருந்து காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள 10 நாட்கள் உண்டு. ஒப்பந்தப் பிரதி பதிவுத்தபாலில் முதன்முதலாக உங்கள் வாசலுக்கு வந்த நாளுக்கு, அல்லது நேரில் கையளிக்கப்பட்ட நாளுக்கு, மறுநாளிலிருந்து அவை எண்ணப்படும். அனுமதி கிடைத்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், சொத்துப் பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அலுவலரான நோத்தேரிடம் சொல்லி அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்; விற்பவர் மறுத்தால், ஒப்புகை அட்டையுடன் பதிவுத்தபால் அனுப்பி விலகிவிடுங்கள். கட்டிய முன்பணம் 21 நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும். நோத்தேர் விற்பவருடையவர்தானே என்று தயங்க வேண்டாம். உங்களுக்கென்று தனியாக ஒருவரை வைத்துக்கொண்டாலும் கட்டணம் கூடுவதில்லை, இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். தரகர்கள் இதை ஏனோ சொல்வதே இல்லை.

இந்த நிபந்தனையை நான் வற்புறுத்தக் காரணம், கொட்டில் வீட்டோடு சுவர் பகிர்ந்து நின்றாலும், பத்திரத்தில் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது இன்னும் விவசாயக் கட்டடமாக இருக்கக்கூடும் என்பதுதான். நில உபயோகத் திட்டம் உள்ள ஊரில் அது விவசாய மண்டலத்துக்குள் இருந்தால், மாற்றத்துக்கு உரியது என்று அந்தத் திட்டமே பொதுவாக அதைக் குறித்திருக்க வேண்டும். அதன் பிறகும் மாவட்டக் குழு ஒன்றின் இசைவு வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. விவசாயம் நின்றுபோய், பல ஆண்டுகளாகக் கார் நிறுத்தவும் விறகு அடுக்கவும் வீட்டின் துணைக்கட்டடமாகவே அது பயன்பட்டிருந்தால், பயன்பாடு மாறவில்லை என்று வாதிடலாம். ஆனால் வாதிடலாம் என்பது வேறு, அனுமதி கிடைத்துவிட்டது என்பது வேறு: பழைய பத்திரம், வரிச்சீட்டு, புகைப்படம் என்று நிரூபிக்க ஏதாவது கையில் வேண்டும், மேரி அதை எழுத்தில் ஏற்கவும் வேண்டும். ஏற்றாலும் படுக்கையறை அமைக்க முன்னறிவிப்பு விண்ணப்பமாவது கொடுத்தாக வேண்டும். தரகர் நினைத்தது இந்தத் தாளாக இருக்கலாம். பயன்பாடும் மாறி, ஜன்னலுக்காகச் சுவரையும் உடைத்தால் தேவைப்படுவது முழுக் கட்டட அனுமதி.

அதற்குச் சட்டம் சொல்லும் காலம் 2 மாதம். அருகே பாதுகாக்கப்பட்ட சின்னம் இருந்தால் 3 மாதம். தோர்தோனில் கோட்டைகளுக்கும் பழைய தேவாலயங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் முதல் மாதம் முடிவதற்குள் ஏதாவது ஆவணம் குறைகிறது என்று எழுதிக் கேட்டுவிட்டால், அதைக் கொடுத்த நாளிலிருந்துதான் கெடு தொடங்கும். ஒரேயொரு புகைப்படத்துக்காக மாதக் கடைசிவரை காத்திருந்து கடிதம் எழுதும் அலுவலகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. அனுமதி வந்த பிறகும் சாலையிலிருந்து தெரியும்படி பலகை வைக்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு அன்றிலிருந்து 2 மாதம் ஆட்சேபிக்கும் உரிமை உண்டு.

இனி, நம் மொழி பேசும் அந்த நண்பர். ஊர் புதிது, பிரெஞ்சு தடுமாறுகிறது என்ற நிலையில் தமிழ்க் குரல் ஆறுதலாகத்தான் இருக்கும். அந்த ஆறுதலுக்குத்தான் விலை வாங்குகிறார்கள். கட்டட வேலைக்கு வருபவர் தெசெனால் எனப்படும் 10 ஆண்டுப் பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பது 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயம். அதன் சான்றிதழை மதிப்பீட்டுச் சீட்டுடன் இணைத்துத் தர வேண்டும். அதில் எந்தெந்த வேலைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன என்றும் படியுங்கள். கூரை வேலைக்கு மட்டும் காப்பீடு எடுத்தவர் போட்ட குழாய் கசிந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. ரசீது இல்லையென்றால் யாரிடம், எதைக் காட்டிக் கேட்பீர்கள்? பத்தாண்டுக்குள் வீட்டை விற்கப் போனாலும் நோத்தேர் இந்தச் சான்றிதழ்களைக் கேட்பார். மறைத்துச் செய்யும் வேலை பிடிபட்டால், அவர் கட்டாத சமூகப் பாதுகாப்புக் கட்டணத்துக்கு உங்களையும் பொறுப்பாக்க முடியும். இவ்வளவும் எதை மிச்சம் பிடிக்க? 2 ஆண்டுக்கு மேல் பழைய வீட்டைச் சீரமைக்கும் வேலைக்கு வாட் வரி பொதுவாக 10 சதவீதம்தான். வெப்பம் காக்கும் வேலைகளுக்கு 5.5 சதவீதம். இப்படி அவசரமாக முடிப்பவர்கள் கல்சுவரில் சுண்ணாம்புக் கலவைக்குப் பதிலாகச் சிமெண்டைப் பூசிவிட்டும் போவார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறும்.

நீங்கள் கேட்காத ஒன்று, கழிவுநீர். ஊர்ப் பொதுக் குழாயில் இணைக்கப்படாத வீடென்றால், 3 ஆண்டுக்கு உட்பட்ட செப்டிக் டேங்க் ஆய்வறிக்கையை விற்பவர் தர வேண்டும். அது விதிப்படி இல்லையென்றால், பத்திரம் முடிந்த ஓராண்டுக்குள் சரிசெய்யும் செலவு வாங்குபவர் தலையில் விழும். தொட்டியின் கொள்ளளவு அறைகளின் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே இரண்டு படுக்கையறை கூடினால், இன்றைக்குச் சரியாக இருக்கும் தொட்டியும் நாளைக்குப் போதாமல் போகலாம். அந்த அறிக்கை கொம்ப்ரொமியுடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றிரவே புரட்டிப் பாருங்கள்.