பூங்காப் பணியாளர் சங்கத்தின் செயற்குழுவில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

கேள்வி கேட்டவர் ஒரு நகராட்சிப் பூங்காவில் மேற்பார்வையாளராக இருக்கிறாராம். மாவட்ட அளவில் பூங்கா, விளையாட்டுத் திடல் வேலையில் இருப்பவர்களுக்கென்று ஒரு சங்கம், அதன் செயற்குழுவுக்கு வரச் சொல்கிறார்கள், சம்பளம் கிடையாது, போவதால் என்ன பிரயோஜனம், எவ்வளவு நேரம் போகும் என்று கேட்டிருக்கிறார்.

போங்கள். ஆனால் "சும்மா கௌரவப் பதவிதான் சார், மாசம் ஒரு டீ" என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

நான் கும்பகோணம் பக்கம். தோட்டக்கலை டிப்ளமோ முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் பூங்கா மேற்பார்வைக்கு வந்தவன். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் தோட்டக்காரர்கள், காவலாளிகள், நீச்சல் குளத்துக்காரர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள் என்று கலந்துகட்டி இருந்த ஒரு சங்கத்தில் 2016 முதல் 2022 வரை இரண்டு தடவை செயற்குழுவில் இருந்தேன். முதல் தடவை சாதாரண உறுப்பினர், இரண்டாவது தடவை பொருளாளர்.

முதல் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் எதைப் பேசினோம் தெரியுமா? ஆண்டு விழா பிளெக்ஸில் யார் படம் எந்த அளவில் வர வேண்டும் என்பதை. போண்டா நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அடுத்த மாதம் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

அப்புறம் பிப்ரவரி வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு டெல்டா என்றாலே தண்ணீர். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும், அதுவும் திறக்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்கிற வருஷத்தில். மூடிய பிறகு காவிரியில் மணல்தான். பூங்காவுக்குக் கூட்டம் வருவதோ ஏப்ரல், மே மாதத்தில், பிள்ளைகளுக்கு லீவு விட்ட பிறகு. இருக்கிற ஒரே போர் மோட்டார் சரியாக அப்போது காயில் எரிந்து நிற்கும். இருக்கிற தண்ணீரைப் புல்தரைக்கு விடுவதா, போன மழைக்கு வைத்த புங்கன் கன்றுக்கும் நீர்மருது கன்றுக்கும் விடுவதா? தோட்டக்காரரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார், புல் காய்ந்தால் ஒரு மழையில் திரும்ப வரும், கன்று போனால் போனதுதான் என்று. ஆனால் ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படுவது புல்தானே. "ஏன்யா காய விட்டே?" என்று திட்டு விழும்.

அந்த வருஷம் செயற்குழுவில் தீர்மானம் போட்டு, கோடையில் கன்றுகளுக்கே முதல் தண்ணீர் என்று சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரே கடிதம், எல்லா நகராட்சிகளுக்கும் அனுப்பினோம். எல்லாரும் கேட்டார்களா என்றால் இல்லை. மூன்று ஊரில் கேட்டார்கள். அந்த மூன்று ஊரில் தோட்டக்காரர் சொன்னால் எதிர்ப்பேச்சு, சங்கம் சொன்னால் ஆலோசனை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் தொடர்ந்து போனதற்குக் காரணம் அந்தக் கடிதம்.

சறுக்குமரம் விஷயமும் இப்படித்தான். பார்க்க அழகாக இருக்கிறது என்று சறுக்குமரத்துக்கு அடியில் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். பிள்ளை விழுந்தால் மண்டைதான். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேட்டில் 4 அடி உயரத்திலிருந்து விழுவதற்கே கீழே 9 அங்குலம் மணல் வேண்டும் என்று போட்டிருக்கிறது. எங்கள் செயலாளர்தான் அதைத் தேடிக் கொண்டுவந்தார். (அந்த நாட்டில் இந்தத் தொழிலுக்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கம், 1965-ல் ஐந்து அமைப்புகள் ஒன்றாகி உண்டானது, தேர்வு வைத்துச் சான்றிதழே கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து எங்கள் தலைவருக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.) கடிதம் அனுப்பினோம். ஒரு பொறியாளர் போனில் கேட்டார், "மணலுக்கு எங்கே போறது?" காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். அவர் கேட்டதும் நியாயம், ஒரு லோடு மணலுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, லெட்டர்பேடுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நேரம் போகும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம், குழுவில் குறைந்தது மூன்று பேர், ஒரு குழுவின் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவைப் படித்து, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் நல்லவர்கள், ஒரு ரூபாய் தொட்டதில்லை, ஆனால் நான்கு வருஷமாக எதையுமே தாக்கல் செய்யவில்லை. நான் பொருளாளர் ஆனதும் பேங்க்கில் கையெழுத்து மாற்றப் போனால், பதிவாளர் அலுவலகப் பட்டியலில் பழைய பொருளாளர் பேர்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரோ மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். எங்கள் சந்தாப் பணத்தை நாங்களே எடுக்க முடியாமல் ஐந்து மாதம் அலைந்தேன், தாமதக் கட்டணம் வேறு.

பணம் என்றதும் கஜா புயல் ஞாபகம் வருகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கம் எங்கள் உறுப்பினர்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு கிடந்தன. அவசரக் கூட்டம். கையில் இருந்தது 60,000 ரூபாய் சொச்சம். மரம் அறுக்கிற மிஷின் இரண்டு வாங்கினால் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாதை திறந்து, சாய்ந்த மரத்தில் நிமிர்த்த முடிந்ததைக் கிளை கழித்து நிமிர்த்தலாம், அடுத்த புயலுக்கும் உதவும் என்று நான் சொன்னேன். நாகப்பட்டினத்து அண்ணன் ஒருவர், "தம்பி, கூரை பறந்து நிக்கிறவன் கையில மிஷினக் குடுத்தா என்ன பண்ணுவான்?" என்றார். ஓட்டெடுப்பில் எனக்கு இரண்டு கைதான் தூக்கின, அதில் ஒன்று என் கை. பணத்தைப் பிரித்துக் கொடுத்தோம். அண்ணன் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் அந்த இரண்டு மிஷின் இருந்திருந்தால் என்று இப்போதும் தோன்றத்தான் செய்கிறது. தோற்ற தீர்மானத்துக்கும் வெளியே போய் "சங்கம் முடிவு செய்தது" என்றுதான் பேச வேண்டும். இது ஒத்துவராது என்றால் வராதீர்கள்.

இன்னொன்று. சங்கம் வாங்கும் கன்றுகளைக் குழுவிலிருந்த ஒருவர் தன் மச்சான் நர்சரியிலேயே வாங்க வைத்தார். கன்று நல்ல கன்றுதான், விலையும் அதிகமில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிந்ததும் அந்த வருஷம் சந்தா கட்டப் பாதிப்பேர் யோசித்தார்கள். அதற்குப் பிறகு, குழுவில் ஒருவருக்கோ அவர் சொந்தக்காரருக்கோ சம்பந்தப்பட்ட பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய் டீ குடிக்க வேண்டும், போனார் என்று மினிட் புத்தகத்திலும் எழுத வேண்டும் என்று விதி போட்டோம். என் பூங்கா ஊஞ்சல் பேச்சு வந்தபோது நானும் போய் டீ குடித்தேன்.

நேரக் கணக்கு: சாதாரண உறுப்பினருக்கு மாதம் ஒரு அரை நாள். பொருளாளருக்கு மார்ச் முடிந்ததும் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டேன், நமக்கு எங்கே ஞாயிறு, ஊருக்கு லீவு என்றால்தானே நமக்கு வேலை. காணும் பொங்கல், ஆடிப்பெருக்கு அன்றெல்லாம் கூட்டம் போட்டால் யாரும் வர முடியாது. செவ்வாய்க்கிழமை மதியம், வெயிலில் பூங்காவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் நிரந்தரப் பணியில் இருந்தால் குழுவில் சேர்வதை அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சரி என்று சொல்வதற்கு முன்னால் மூன்றைக் காட்டச் சொல்லுங்கள்: மினிட் புத்தகம், பாஸ்புக், கடைசியாகப் பதிவாளரிடம் தாக்கல் செய்த நகல். "அதெல்லாம் பழைய செயலாளர் வீட்டில் இருக்கு" என்று சொன்னால், அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.